மீட்டுப் பார்த்தல்

கொல்கத்தாவின் சால்ட் லேக், 1960களில் ஹூக்ளியின் வண்டலை நீரோடு இறைத்துச் சதுப்பை மேடாக்கி எழுப்பிய ஊர். இன்று அதன் ஐந்தாம் செக்டரில் நிறைய மென்பொருள் அலுவலகங்கள். இத்தகைய இடங்களில் இரவில் ஆளில்லாமலே சர்வர்களின் தரவு டேப்பில் ஏறுகிறது. காலையில் லாகில் ‘வெற்றி’ என்று ஒரு வரி காத்திருக்கிறது. அதைப் படித்து நிம்மதி அடைகிறோம். எதை நம்பி?

இந்த டேப்புகளில் எழுதும் எல்டிஓ டிரைவ், எழுதும்போதே எழுதியதை வாசித்துச் சரிபார்த்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தன்னிடம் வந்தது சரியாகப் பதிந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. வர வேண்டியதெல்லாம் வந்ததா, மறையாக்கச் சாவி நகலெடுக்கப்படும் சர்வரிலேயே கிடந்து அதனோடு அழியப்போகிறதா என்பது அதற்குத் தெரியாது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் கைதவறி முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. நகலெடுக்கும் கருவியின் பதிப்பு பொருந்தாததால் அந்த வேலை தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் அஞ்சல் சர்வரால் ஏற்கப்படாமல் போயின. புகார் வராததையே நலம் என்று எடுத்துக்கொண்டார்கள். வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஓர் ஊழியர் கையால் எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது. 2011இல் மென்பொருள் பிழையால் ஜிமெயில் கணக்குகள் சில காலியானபோது, கூகுள் அவற்றை டேப்பிலிருந்து மீட்டது. இரு இடத்திலும் காப்பு ஏற்பாடு இருந்தது. ஓரிடத்தில்தான் அது கைகொடுத்தது.

வைத்திருப்பது வேறு, திரும்பப் பெற முடிவது வேறு. இந்த வேறுபாடு இழக்கும் நாள்வரை கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான், ஏதோ ஒரு நாளில் எல்லாம் போய்விட்டதென்று திகைத்து நிற்கப்போகும் முகம் தெரியாத ஒருவர் அன்று கேட்கப்போகும் ‘திரும்பக் கிடைக்குமா?’ என்ற கேள்வியை, அவருக்காக, ஒன்றும் கெட்டுப்போகாத இன்றைக்கே கேட்டு விடை காண்பது, நம்மை நம்பித் தம் உழைப்பை ஒப்படைத்த எல்லோருக்கும் நாம் செலுத்தவேண்டிய கடனாகிறது.

2020 மே 20 அன்று உம்பன் புயல் வீசியபோது சால்ட் லேக்கில் மரங்கள் சாய்ந்தன, மின்சாரம் போனது. பேக்கப்பைச் சோதித்துப் பார்ப்பதற்கான நாள் அதுவல்ல. இந்த வாரமே பழைய டேப் ஒன்றை எடுத்து, வேறொரு சர்வரில் ரீஸ்டோர் செய்து, கோப்புகளைத் திறந்து பாருங்கள்.