கூண்டுக்கு ஒப்பாத கொசு

மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் கொசுவை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது பெரும்பாடு என்று சொன்னால் சிரிக்கிறார்கள். பூச்சாடித் தட்டில் தேங்கிய தண்ணீரில்கூடப் பெருகும் ஏடிஸைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். ஒழிப்பதுதானே கஷ்டம், வளர்ப்பதில் என்ன கஷ்டம்?

சபா காடுகளில் குரங்கு மலேரியாவை மனிதருக்குக் கொண்டுவருவது அனோபிலஸ் பலபாசென்சிஸ். நிழல் விழும் சிறு குட்டைகளில் முட்டையிடும். இப்படிப்பட்ட காட்டுக் கொசுவைப் பிடித்துவந்தால் வெப்பம், ஈரப்பதம், சர்க்கரைக் கரைசல், இரத்தம் என்று எல்லாவற்றையும் அளந்து கொடுக்க வேண்டும். தீனி கொஞ்சம் கூடினால் தண்ணீரின்மேல் ஏடு படிந்து, மேற்பரப்பில் மூச்சுவிடும் புழுக்கள் செத்துப்போகும். இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். பெரிய முட்டுக்கட்டை இனச்சேர்க்கைதான். பல அனோபிலஸ் இனங்களில் அந்தி நேரத்தில் ஆண்கள் வெட்டவெளியில் கூட்டமாகப் பறக்கும். பெண் அந்தக் கூட்டத்தைத் தேடி வரும். சிறிய வலைக்கூண்டுக்குள் அந்த வெளிக்கு எங்கே போவது?

பூச்சியியல் படித்த நண்பர் ஒருவர் சொன்னார்: “காட்டுல பொறந்தது கூண்டுல குடும்பம் நடத்தாதுண்ணே. நாமதான் கட்டாயக் கல்யாணம் பண்ணி வைக்கணும்.”

அவர் கேலி செய்யவில்லை. 1960களிலிருந்து புழங்கும் முறை அது. பெண்ணை லேசாக மயக்கி, ஆணின் தலையைக் கிள்ளியெடுத்து, ஊசிமுனையில் பிடித்து, இரண்டின் வால்நுனிகளையும் சேர்த்துவைக்கிறார்கள். தலை போன உடல் பற்றிக்கொள்கிறது.

கொசுவுக்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 6 லட்சம் பேரை மலேரியா கொல்கிறது, பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகளை. என்னை உறுத்துவது வேறு. கூண்டில் சேர மறுத்தவை வாரிசில்லாமல் போகின்றன. ஒத்துக்கொண்ட சிலவற்றின் பிள்ளைகளே அடுத்த தலைமுறை. காம்பியாவில் 1975இல் பிடித்த கொசுக்களின் வம்சம் ஒன்று இன்றும் ஆய்வுக்கூடங்களில் வாழ்கிறது. அரைநூற்றாண்டாக வானம் பார்க்காத அந்தக் கொசுவும் காம்பியாவின் வயலோரத்தில் பறப்பதும் ஒன்றா? பணிந்துபோனவற்றைக் கேட்டு, பணியாதவற்றைப் பற்றி முடிவெடுப்பது எவ்வளவு தூரம் நியாயம்?

இது கூடத்துக்குள் அடங்குகிற சங்கதி இல்லை. நம்மவர்கள் இதற்கு உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். 1901இல் கிள்ளானிலும் போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலும் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து, காட்டை வெட்டவைத்தார். மலேரியா வேகமாகக் குறைந்தது. அங்கிருந்த கொசு நிழல் தேடுவது. ஆனால் மலைப்பாங்கான இடங்களில் பால்மரத் தோட்டம் போடக் காட்டை வெட்டியபோது குளிர்காய்ச்சல் கூடியது. அங்கே இருந்தது வெயில்படும் ஓடையில் பெருகும் அனோபிலஸ் மாக்குலாட்டஸ். ஒரு கொசுவுக்கு மருந்தானது இன்னொன்றுக்கு வீடானது. வாட்சன் அதைக் கவனித்துத் தன் வழியை மாற்றிக்கொண்டார். அதற்கு முன்னும் பின்னும் அந்த மலைத் தோட்டங்களின் லயங்களில் செத்தவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த கூலிகள்.

நூறு வருஷம் கழித்தும் அதே பாடம்தான். சரவாக்கின் காப்பிட்டில் நுண்ணோக்கியில் பார்த்து ‘மலேரியே’ வகை என்று எழுதப்பட்ட காய்ச்சல்களில் பல, உண்மையில் குரங்கிலிருந்து வந்த நோலெசி என்று பல்பீர் சிங்கின் குழு 2004இல் காட்டியது. தெரிந்த பெயருக்குள் தெரியாததை அடைத்து வைத்திருந்தோம்.

அதனால் கூண்டுக் கொசு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது இல்லாமல் மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. ஆனால் எங்கள் கூண்டில் இது வளரவில்லை என்பதும் ஒரு கண்டுபிடிப்புதான். அதைத் தோல்விக் கணக்கில் எழுதி மூடிவிடாமல், மறுத்த கொசு எதைக் கேட்டது என்று காட்டுக்கே போய்ப் பார்க்கிறவரை நான் நம்புவேன். சேராத கொசுவின் கணக்கையும் வைத்திருப்பவர் சொன்னால்தான், சேர்ந்த கொசுவைப் பற்றி அவர் சொல்வதற்கும் மதிப்பு.