அத்தை நிற்கும் பைபாஸ்



போன வாரம் நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்தார். அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன். இதோ, மூன்றாவது தூண் பக்கம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். குடும்பத்தோடு கடற்கரையோரமாக ஒரு பயணம். வேன் பேசியாயிற்று. பாட்டியோடு சேர்த்து 11 பேர். வியாழன் விடிகாலை சென்னையிலிருந்து புறப்பாடு, ஞாயிறு இரவு வீடு. திங்களன்று பள்ளிக்கூடம் திறக்கிறது. தாளில் இருந்த ஊர்கள்: வேளாங்கண்ணி, நாகூர், ஓரியூர், பாம்பன், இராமேஸ்வரம், தனுஷ்கோடி, தூத்துக்குடி, மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி, கோட்டாறு. 11 பேருக்கு 11 இடம், தலைக்கு ஒன்று!

ஒவ்வொன்றுக்கும் எதிரே நிமிடக் கணக்கு. ஓரியூருக்கு 15. மணப்பாட்டுக்கு 20. தூத்துக்குடிக்கு நேரே 30 என்று போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில், ‘அத்தை – பைபாஸ்’.

“அது என்ன?” என்று கேட்டேன்.

“எங்க அத்தை தூத்துக்குடியிலதான் இருக்காங்க, ஃபாதர். வீட்டுக்குப் போனா விடமாட்டாங்க, அரை நாள் போயிடும். அதான் பைபாஸ்ல வந்து நிக்கச் சொல்லியிருக்கோம். பாத்துட்டு அப்படியே கிளம்பிடலாம்.”

வண்டியை மந்திரிக்க வேண்டும், அப்படியே இந்தத் தாளையும் மந்திரித்துவிடுங்கள் என்றார். வண்டியை மந்திரிக்கிறேன், தாளை இப்போதைக்கு முடியாது, செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாள் பூசைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இன்றைக்கு என்ன வாசகம் என்று எனக்குத் தெரியும்.

திருத்தூதர் பணிகள் 20ஆம் அதிகாரம். பவுல் மிலேத்துவிலிருந்து எபேசுக்கு ஆளனுப்பி, அங்குள்ள திருச்சபை மூப்பர்களை வரவழைக்கிறார். வாசகம் இங்கே தொடங்குகிறது. ஆனால் ஏன் வரவழைத்தார் என்பது அதற்கு ஒரு வசனம் முன்னால் இருக்கிறது. நேரம் இல்லை. பெந்தக்கோஸ்து நாளுக்குள் எருசலேமில் இருக்க வேண்டும் என்ற அவசரம். பாஸ்காவுக்கும் பெந்தக்கோஸ்துக்கும் நடுவே 50 நாள்தான். பிலிப்பியில் புளிப்பற்ற அப்ப விழா முடிந்த பிறகே கப்பலேறியதால், அதில் ஒரு வாரம் அங்கேயே போய்விட்டது. துரோவா போய்ச் சேர ஐந்து நாள். அப்புறம் கரையையும் தீவுகளையும் ஒட்டியே, ஒரு நாளைக்கு ஒரு துறை என்று லூக்கா கணக்குச் சொல்லிக்கொண்டே போகிறார். கடற்கரைப் பயணம், கையில் நாள் குறைவு. நம்ம வேன்காரருக்கும் பவுலுக்கும் ஒரே பிரச்சினை. வருகிற ஞாயிறு நமக்கும் பெந்தக்கோஸ்துதான்.

இத்தனை அவசரக்காரர் வழியில் என்ன செய்கிறார், பாருங்கள். துரோவாவில் ஏழு நாள் தங்குகிறார். மறுநாள் கிளம்ப வேண்டிய இரவில் நள்ளிரவுவரை பேசுகிறார். ஜன்னலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த யூத்திகு என்ற இளைஞன் தூங்கிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுகிறான். (நீளப் பிரசங்கத்தைப் பற்றி விவிலியத்தில் உள்ள ஒரே எச்சரிக்கை இது. நான் சீக்கிரம் முடிக்கிறேன்.) பவுல் இறங்கி ஓடி அவனை அணைத்துக்கொள்கிறார், உயிர் இருக்கிறது என்கிறார். பிறகு மேலே போய், சாப்பிட்டு, விடியும்வரை பேசுகிறார்! காலையில் மற்றவர்கள் கப்பலில் போக, இவர் மட்டும் அசோவரை தரைவழியாக வருகிறார். ஏன் என்று லூக்கா சொல்லவில்லை. கப்பல் நிறையக் கூட்டாளிகளோடு இத்தனை நாள் வந்த மனிதர் கொஞ்ச நேரம் தனியாக இருக்க விரும்பினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். குடும்பத்தோடு வேனில் போனவர்களுக்கு இது புரியும்.

எபேசுக்கு மட்டும் போகவில்லை. அது அவர் மூன்று வருடம் வாழ்ந்த ஊர். சொந்த ஊருக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு வீட்டில் காப்பி குடித்தால் எல்லா வீட்டிலும் குடிக்க வேண்டும், ஒரு வீட்டை விட்டாலும் பத்து வருடத்துக்குப் பேச்சு. போனால் வெளியே வரமுடியாது என்று தெரிந்தே கடந்து போனார்.

இப்போது தூண் பக்கம் இருப்பவர் மனதுக்குள் கேட்பார்: “பாத்தீங்களா ஃபாதர், பவுலும் ஆளை பைபாஸுக்குத்தானே கூப்பிட்டார்?”

நியாயமான கேள்வி. ஆனால் எபேசிலிருந்து மிலேத்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். சொல்லியனுப்பிய ஆள் போய், மூப்பர்கள் நடந்து வந்து சேர நாட்கள் ஆகியிருக்கும். அத்தனை நாளும் பவுல் காத்திருந்தார். நாளைய வாசகத்தையும் கேளுங்கள்: பேசி முடித்ததும் எல்லாரோடும் முழந்தாளிடுகிறார், அவர்கள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், கப்பல்வரை கூட வருகிறார்கள். இன்ஜினை அணைக்காமல் இதையெல்லாம் செய்ய முடியுமா? நேரம் போதாது என்று அவர் ஊரைத்தான் விட்டார், ஆட்களை விடவில்லை.

உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. சில வருடங்களுக்கு முன் குருக்கள் கூட்டம் ஒன்றுக்கு ரயிலில் போனபோது, வழியில் எங்கள் ஊர். அம்மாவை ஸ்டேஷனுக்கு வரச்சொன்னேன். வண்டி இரண்டு நிமிடம் நிற்கும். மஞ்சள் ஒயர்க்கூடையில் டிபன் கேரியரோடு நின்றிருந்தார். ஜன்னல் கம்பிக்குள் கேரியர் நுழையவில்லை. ஒவ்வொரு கிண்ணமாகக் கழற்றிக் கழற்றிக் கொடுத்தார். அடிக் கிண்ணம் சுட்டது. நான்காவது கிண்ணம் வருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. கையில் அதைப் பிடித்தபடி பத்தடி கூடவே நடந்து வந்தார். அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவேயில்லை, கிண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, அந்தத் தாளுக்கு வருவோம். சென்னையிலிருந்து கன்னியாகுமரி உள்வழியாகப் போனாலே ஏறக்குறைய 700 கிலோமீட்டர். கரையோரம் சுற்றினால் இன்னும் கூடும். திரும்பவும் வேண்டும். நான்கு நாளில் பாதிக்குமேல் சீட்டில்தான். நான் பென்சிலை எடுத்துவிட்டேன். கன்னியாகுமரியும் கோட்டாறும் அடுத்த வருடம். 2022இல் புனிதரான தேவசகாயத்தின் கல்லறைக்கு ஓடிவந்து ஓடிப்போவது மரியாதையாக இல்லை. 1964 புயல் கொண்டுபோன தனுஷ்கோடியைப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வேண்டும், ஆனால் இந்த முறை அல்ல. உவரியை அடித்தபோது எனக்கே கை நடுங்கியது, அதுவும் செவ்வாய்க்கிழமையில் சொல்கிறேன். காணாமல்போனதைத் தேடித் தருகிற அந்தோனியார் உங்களையும் எப்படியாவது தேடிப் பிடிப்பார், கவலைப்படாதீர்கள்.

வியாழன் இரவு வேளாங்கண்ணி. வெள்ளிக்கிழமை வழியில் ஓரியூர். 1693இல் அருளானந்தர் இரத்தம் சிந்திய செம்மண்ணைப் பிள்ளைகள் கையில் அள்ளிப் பார்க்கட்டும், 15 நிமிடம் என்று விரட்டாதீர்கள். அன்று இரவே தூத்துக்குடி. சனிக்கிழமை முழுவதும் மணப்பாடு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தங்கிய குகை அங்கே இருக்கிறது. பக்கத்திலேயே நல்ல தண்ணீர்க் கிணறு. கடலுக்கு இத்தனை கிட்டத்தில் தண்ணீர் எப்படி உப்பில்லாமல் இருக்கிறது என்று உங்கள் சின்னவன் கேட்பான். பதில் யோசிக்க 20 நிமிடம் போதாது. ஞாயிறு முதல் பூசை பனிமய மாதா பேராலயத்தில். பிறகு நேராக வீடு.

இன்னொரு கரையையும் சொல்லிவிடுகிறேன், 21ஆம் அதிகாரத்தில் வருகிறது. கப்பல் சரக்கு இறக்க தீர் நகரில் நிற்கிறது. பவுலும் கூட்டாளிகளும் அங்கே ஏழு நாள் தங்குகிறார்கள். புறப்படும் நாளில் அந்த ஊர்ச் சீடர்கள் மனைவி பிள்ளைகளோடு நகருக்கு வெளியே வரை வழியனுப்ப வருகிறார்கள். பெரியவர்களும் பொடிசுகளும் கடற்கரை மணலில் முழந்தாளிட்டு வேண்டுகிறார்கள். அப்புறம் இவர்கள் கப்பலேற, அவர்கள் வீடு திரும்புகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. முழங்காலில் மணல் ஒட்டியிருந்திருக்கும், அவ்வளவுதான்.

வியாழன் காலை ஐந்தரைக்கு வேன் கோயில் வாசலுக்கு வரட்டும். தீர்த்தத்தோடு நிற்கிறேன். தெளிப்பதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்: அத்தைக்குப் போன் போட்டு, பைபாஸுக்கு வரவேண்டாம், வீட்டிலேயே இருங்கள், இரண்டு ராத்திரி தங்குகிறோம் என்று சொல்லியாயிற்றா?