கடல் தாண்டும் குலசாமி

வெளிநாட்டில் குடியேறும் தாய்க்கு ஊர் நினைப்போடு சேர்ந்தே வரும் கேள்வி ஒன்று உண்டு: குலசாமி கூட வருமா, ஊர் எல்லையிலேயே நின்றுவிடுமா?

சிவகிரி, சங்கரன்கோவில் வட்டாரத்தில் இது லேசான கேள்வியல்ல. இங்கே பல குடும்பங்களுக்குக் குலதெய்வம் சாஸ்தா. பங்குனி உத்திரத்தன்று பங்காளிகள் எங்கிருந்தாலும் அந்தக் கோயிலில் வந்து கூடுவார்கள். கல் கூட்டி, விறகு மூட்டி, பானை பொங்கி வழிகையில் பெண்கள் குலவையிடுவார்கள். சாமியின் காவல் அந்த மண்ணுக்கும் எல்லைக்கும் என்பது நம்பிக்கை.

ஆகமத்தின் கணக்கு வேறு. எங்கும் நிறைந்தவனை மந்திரத்தால் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, எந்த ஊரிலும் நிலைநிறுத்தலாம். திருப்பணி நடக்கும்போது மூலவரின் சக்தியைப் பாலாலயம் என்ற தற்காலிகச் சன்னதிக்கு மாற்றுவதும் இந்தக் கணக்கில்தான். நியூயார்க் பிள்ளையார் கோயிலுக்கு 1977-இல் குடமுழுக்கு நடந்தது இப்படித்தான்.

கிராமத்து மரபும் வழியை அடைத்துவிடவில்லை. பழைய கோயிலில் உத்தரவு கேட்டுப் பிடிமண் எடுத்துப் போய், போன இடத்தில் பீடம் போடுவார்கள். விவிலியத்தில் சிரியப் படைத்தலைவன் நாகமான், இஸ்ரவேலின் கடவுளை வணங்க இரண்டு கோவேறு கழுதைச் சுமை மண் கேட்கிறான்; மனித மனம் எங்கும் ஒன்றுதான் போலும். ஆனால் ஆஸ்திரேலியாவுக்குள் அனுமதியில்லாமல் மண் கொண்டுபோக முடியாது. சங்கரன்கோவிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணும் அங்கே வெறும் மண்தான்.

இந்த வாதங்கள் எதுவும் பெண்ணைத் தனியாகக் கணக்கில் எடுப்பதில்லை. கல்யாணத்தோடு புருஷன் வீட்டுச் சாமியே அவளுக்குக் குலசாமி ஆகிவிடுகிறது. பிறந்த வீட்டுச் சாமிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு. ஆக, வெளிநாடு அவளுக்கு இரண்டாவது இடமாற்றம். முதல் தடவை போன ஊரில் குலவையிட நாலு பெண்களாவது இருந்தார்கள். அடுக்குமாடி வீட்டில் மின்னடுப்பில் பொங்கி வழிந்தால் துடைக்கிற வேலைதான் மிச்சம். சாம்பிராணி போட்டால் புகை மணி அலறும். உத்திரம் வேலைநாளில் வந்தால் அங்குள்ள கோயில் விழாவைச் சனி, ஞாயிறுக்குத் தள்ளிவைப்பதும் உண்டு. சாமி வரவில்லை என்ற ஏக்கத்தில் பெரும்பகுதி, சொந்தபந்தம் வரவில்லை என்ற ஏக்கமே. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஆகமத்தில் இடமுண்டு. குலசாமி கும்பிடுகிற வீட்டில் இல்லை.

நடைமுறையில் தாய்மார், எங்கும் வரும் சாமி, மண்ணில் நிற்கும் சாமி என்ற இரண்டு கணக்கையும் பிடித்துக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வெளிநாட்டு வீட்டில் எரியும். நேர்ச்சைக் காசு மஞ்சள் துணியில் முடிந்திருக்கும். முதல் முடி எடுப்பதும் காதுகுத்தும் மட்டும் குலசாமி கோயிலுக்கு என்று ஒதுக்கப்படுவதால், விடுமுறை கிடைக்கும்வரை பிள்ளை சடைமுடியோடு திரியும்.