பிறர் கருவியும் நம் படைப்பும்

லினக்ஸை மூலநிரலிலிருந்து தானே கட்ட விரும்புகிறவர் முதலில் பிறர் கட்டிய லினக்ஸ் ஒன்றை 'ஹோஸ்ட்' ஆகத் தெரிவு செய்தாக வேண்டும். ஜெரார்ட் பீக்மன்ஸ் தொடங்கிய 'லினக்ஸ் ஃபுரொம் ஸ்க்ராட்ச்' நூலின் வழியும் இதுதான். மூலநிரலை இயங்க வைக்கக் கம்பைலர் வேண்டும். அந்தக் கம்பைலரும் முந்திய ஒரு கம்பைலரால் ஆனது. அப்படியானால் கட்டி முடித்ததை 'என்னுடையது' என்று எப்படிச் சொல்வது? இல்லது தோன்றாது என்னும் சற்காரியவாதத்தை ஏற்ற சைவசித்தாந்தம் இந்தக் கேள்விக்கு அஞ்சுவதில்லை. ஒரு காரியத்துக்கு முதல், துணை, நிமித்தம் என மூன்று காரணங்களை அது பிரித்துக் காட்டுகிறது. இங்கே மூலநிரல் முதற்காரணம், ஹோஸ்ட் கணினியின் கருவிகள் துணைக்காரணம், கட்டுபவர் நிமித்தகாரணம். துணைக்காரணம் தானே காரியமாக மாறுவதில்லை. நூலின் முறையும் இதற்கு இசைந்தது: ஹோஸ்டைக் கொண்டு முதலில் ஒரு குறுக்குக் கம்பைலர், அதனால் தற்காலிகக் கருவிகள், பிறகு சீரூட் (chroot) கட்டளை வழியே ஹோஸ்டின் கோப்புகளை விட்டுப் பிரிந்து இறுதி அமைப்பு.

துணைக்காரணம் தன் கறையை உள்ளே விட்டுப் போகாதா என்று கேட்கலாம். போகும். மூலநிரலில் தடயமே இல்லாமல் கம்பைலர் ஒன்று கள்ளவழியைத் தன் வாரிசுக்கும் கடத்தலாம் என்று கென் தொம்சன் 1984இல் வெளியான தன் டியூரிங் விருது உரையில் விளக்கினார். வேறொரு கம்பைலரால் மீளக் கட்டி விளைவுகளை ஒப்பிட்டால் அந்தக் கள்ளத்தைப் பிடிக்கலாம் என்று டேவிட் வீலர் 2009இல் தன் ஆய்வேட்டில் நிறுவினார். 2023இல் குனு கீக்ஸ் திட்டம் கம்பைலர் தொடர் முழுவதையும் 357 பைட் விதையிலிருந்து வளர்த்தது. அந்த விதையை ஓட்டவும் ஒரு கேர்னலும் செயலியும் வேண்டியிருந்தன. ஆகவே சார்பைச் சுருக்கலாம், சோதிக்கலாம், ஒழிக்க முடியாது.

இலங்கையின் வடக்கில் உள்ள விசுவமடு என்னும் ஊர் இதை நன்கறியும். 2009 போரில் ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பியவர்கள் நிவாரணத் தகரக் கொட்டில்களில் இருந்தபடியே கல்வீடுகளை எழுப்பினார்கள். தகரம் பிறர் தந்தது என்பதால் அந்த வீடு அவர்களுடையதல்ல என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் கொட்டிலை விட்டு வெளியேறத்தான் வேண்டும்.

ஆயத்தமாகக் கிடைக்கும் லினக்ஸ் இருக்க இந்தப் பாடு எதற்கு என்பது அடுத்த மறுப்பு. அன்றாட வேலைக்கு அதுவே போதும். எந்தக் கருவி எதைச் சார்ந்து நிற்கிறது என்று அறிய விரும்புகிறவருக்கு அது போதாது. விசுவமடுவிலிருந்து கிளிநொச்சி அறிவியல்நகரின் பொறியியல் பீடத்துக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கு அந்த அறிவு சொத்து. அவர் மூலநிரல் திறந்துள்ள, பலர் சோதித்துவரும் ஹோஸ்டைத் தெரிவு செய்யட்டும், டெபியன் நல்லது. அதில் எஸ்ஹெச் (sh) கட்டளை டாஷ் (dash) என்னும் ஷெல்லைச் சுட்டும். நூலின் முறைக்கு அதை பாஷ் (bash) ஷெல்லுக்கு மாற்ற வேண்டும். புதிய அமைப்புக்கு 30 கிகாபைட் வரை தனிப் பிரிவு ஒதுக்கினால் தாராளம். எதைச் சார்ந்தோம் என்பதை அறிந்து, அதைச் சோதித்து, விளைவுக்குப் பொறுப்பேற்பவருக்கே 'என்னுடையது' என்று சொல்லும் உரிமை உண்டு.