அடங்கிய பெண்ணின் நோய்

அந்தக் கட்டுரை நோட்டை வகுப்பில் உயர்த்திக் காட்டியவள் நான்தான். முதலாண்டு மாணவி ஒருத்தியின் நோட்டு அது. நாற்பது பக்கத்தில் ஓர் அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. ஓரக்கோடுகள்கூட ஒரே அழுத்தத்தில் இருந்தன. "எழுதினா இப்படி எழுதணும்" என்றேன். அவள் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவள் நூலகப் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். கொடுமுடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவளுடைய அம்மா பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். "எம்புள்ள மேல ஒரு குத்தம் சொல்ல முடியாதுங்கம்மா. விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சுப் படிக்கும். செவ்வா, வெள்ளி, சஷ்டி, கிருத்திக ஒண்ணு விடாம வெரதம் இருக்கும். எதுத்து ஒரு வார்த்த பேசாதுங்க." பெருமையாகத்தான் சொன்னார். அந்த மாதக் கடைசியில் ஈரோட்டில் ஒரு மனநல மருத்துவர் ஏறக்குறைய இதே பட்டியலை நோயின் அறிகுறிகளாக எழுதினார். விரதம் என்ற பெயரில் பல மாதங்களாக அவள் உணவைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். நான் உயர்த்திக் காட்டிய நோட்டு மூன்றாவது பிரதி என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஓர் எழுத்து பிசகினால் முழு நோட்டையும் திரும்ப எழுதுவாளாம்.

அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். என் கேள்வி இதுதான்: நாம் நற்குணம் என்று போற்றுகிற ஒன்று, போற்றப்படும் நேரத்திலேயே ஒருத்தியை உள்ளிருந்து தின்றுகொண்டிருக்க முடியுமானால், நற்குணம் எது என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறோம்?

உணவை மறுக்கும் பெண்பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் சிகிச்சை அளித்த ஹில்டே ப்ரூக் 1978இல் 'தங்கக் கூண்டு' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். தன்னிடம் வந்தவர்களில் பலர், நோய் வெளிப்படும்வரை வீட்டில் எந்தத் தொந்தரவும் தராத, சொன்ன சொல் கேட்கிற பிள்ளைகளாக இருந்தவர்கள் என்பதை அவர் கவனித்தார். மற்றவர்களின் எதிர்பார்ப்பை நிறைவேற்றியே வளர்ந்த பிள்ளைக்குத் தனது என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியிருந்தது உடம்பு ஒன்றுதான். அதன்மேல் தன் ஆட்சியை நடத்தினாள். பெண்ணியச் சிகிச்சையாளர் சூசி ஆர்பாக் 1986இல் எழுதிய நூலுக்கு 'உண்ணாவிரதப் போராட்டம்' என்றே பெயர் வைத்தார். வாய்திறந்து கேட்க முடியாததை வாயை மூடிக் கேட்கிறார்கள் என்று அந்தத் தலைப்பை நான் புரிந்துகொள்கிறேன்.

பிழையற்றிருக்க வேண்டும் என்ற தவிப்பை, பால் ஹெவிட், கோர்டன் ஃப்ளெட் என்ற இரு உளவியலாளர்கள் 1991இல் மூன்றாகப் பிரித்தார்கள். தன்னிடமே பிழையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, உலகம் தன்னிடம் அதை எதிர்பார்க்கிறது என்று நம்புவது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளில் 1989 முதல் 2016 வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம் எடுத்த அளவீடுகளைத் தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் இருவரும் தொகுத்துப் பார்த்தபோது மூன்றுமே கூடியிருந்தன. மிக அதிகமாக, 33 விழுக்காடு, கூடியிருந்தது மூன்றாவது வகை. நோய் பிள்ளையின் மனத்திற்குள் மட்டும் பிறப்பதில்லை, சுற்றியிருப்பவர்களின் பார்வையிலும் அதற்கு வேர் இருக்கிறது என்று இதை வாசிக்கத் தோன்றுகிறது.

அந்தப் பார்வையை நம் கொங்குப் பகுதி நன்றாகவே அறியும். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளுக்குத் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்த காலம் ஒன்று உண்டு. மாநில முதலிடம் பெற்ற முகங்கள் சாலையோரப் பலகைகளில் சிரித்தன. 2017இல் தமிழக அரசு பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. பட்டியல் நின்றது. வீட்டிற்குள் "அந்த ரெண்டு மார்க் எங்க போச்சு கண்ணு?" என்ற கேள்வி நிற்கவில்லை. பையனுக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனால் பெண்பிள்ளைக்கு மதிப்பெண்ணோடு சேர்த்து நடை, சிரிப்பு, துப்பட்டா, ஃபோன், வீடு திரும்பும் நேரம் எல்லாவற்றிலும் அந்த இரண்டு மார்க் தேடப்படுகிறது. பெருமையையும் வலிமையையும் ஆணுக்குக் கொடுத்து, அச்சத்தையும் நாணத்தையும் மடத்தையும் பெண்ணுக்குக் கொடுத்த தொல்காப்பியத்தை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவள் நான். வள்ளுவர் அடக்கமுடைமையை யாவர்க்கும் பொதுவாகத்தான் வைத்தார். நாம்தான் அதை மகள்களின் பெயரில் எழுதிவைத்துவிட்டோம்.

சிகிச்சை பற்றி நான் தெரிந்துகொண்டதில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது ஒன்று. மனநோய் என்றாலே கட்டுப்பாடு குலைவது என்றுதான் நினைத்திருந்தேன். மார்ஷா லினஹன் உருவாக்கி 1993இல் நூலாக வெளியிட்ட புகழ்பெற்ற சிகிச்சைமுறை, உணர்ச்சிக் கொந்தளிப்பில் தன்னைக் காயப்படுத்திக்கொள்பவர்களுக்குக் கட்டுப்பாட்டைக் கற்றுத்தந்தது. அதிலிருந்து கிளைத்து, தாமஸ் லிஞ்ச் என்பவர் நேரெதிர்த் திசையில் ஒரு முறையை வகுத்தார். 2018இல் அது நூலாக வந்தது. சிலருக்கு நோயே கட்டுப்பாடு மிகுந்துபோனதுதான் என்றார் அவர். அவர்கள் நேரத்துக்கு வருவார்கள், வாக்குத் தவறமாட்டார்கள், முகத்தில் எதையும் காட்டமாட்டார்கள். வகுப்பைக் கலைக்காததால் யார் கண்ணிலும் படமாட்டார்கள். கூட்டத்துக்குள் இருந்துகொண்டே தனித்திருப்பார்கள். அவர்களிடம் போய் இன்னும் கொஞ்சம் மனதைக் கட்டுப்படுத்து என்பது நோய்க்கே தீனி போடுவது. மனதைத் திறப்பது, முகத்தில் உணர்ச்சியைக் காட்டுவது, தவறுவது, உதவி கேட்பது ஆகியவற்றைப் பாடம்போலப் பழக்குகிறது இந்த முறை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உணவை மறுக்கும் பதின்ம வயதினருக்கும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

எங்கள் மாணவிக்கு முதலில் நடந்தது உடம்பைத் தேற்றுவதுதான். பட்டினி கிடக்கும் மூளையிடம் எந்தத் தத்துவமும் பேச முடியாது. அம்மாவும் அமுச்சியும் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிடவைத்தார்கள். பிறகு சின்னச் சின்ன வேலைகள். வேண்டுமென்றே ஒரு பிழையோடு கடிதம் எழுதி அனுப்புவது, வீட்டுப்பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போவது, அதன்பின் என்ன நடக்கிறது என்று பார்ப்பது. கேட்பதற்கு விளையாட்டுப்போல இருக்கிறது. அவளுக்கு ஒவ்வொன்றும் ஆற்றில் குதிப்பதுபோல இருந்ததாம்.

இங்கேதான் எனக்கு ஒரு சங்கடம். அடக்கம் எப்போதும் கூண்டு மட்டும்தானா? கொடுமுடிக்காரர்கள் எங்களுக்கு உடனே நினைவுக்கு வருபவர் கே.பி. சுந்தராம்பாள். 1908இல் இந்த ஊரில் வறுமையில் பிறந்தவர். 1933இல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அதன்பின் வாழ்நாள் முழுக்க வெள்ளைச் சேலை. ஆண் நடிகர்களுக்கு ஜோடியாக நடிக்க மறுத்தார். நந்தனார் படத்தில் நந்தனாராகவே நடித்து, அந்தக் காலத்தில் ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்றார். சென்னை மேலவை உறுப்பினருமானார். நாடகக்காரி என்றால் இளப்பமாகப் பார்த்த சமூகத்தில் அந்த வெள்ளைச் சேலை அவருக்குத் துக்கமாக மட்டுமல்லாமல் கவசமாகவும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தக் கவசத்தைக் கழற்ற அவர் விரும்பியிருந்தால் ஊர் விட்டிருக்குமா? அதே ஊர்தான் அவரைப் பத்தினி என்று கொண்டாடியது.

ஆகவே கட்டுப்பாட்டின் அளவை வைத்து மட்டும் நோயையும் நற்குணத்தையும் பிரிக்க முடியாது என்றே எனக்குப் படுகிறது. நானாக எடுத்துக்கொண்டேனா, வேண்டாதபோது இறக்கிவைக்க முடிகிறதா, இறக்கிவைத்தால் என்னை யார் தண்டிப்பார்கள் என்ற மூன்று கேள்விகள் வேண்டும். மருத்துவர் இரண்டாவதைத்தான் கையிலெடுக்க முடியும். மூன்றாவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வீட்டார், ஆசிரியர்கள், ஊரார். ஒரு பெண்ணை மனதைத் திறக்கச் சொல்லிவிட்டு, திறந்ததும் "வாயாடி", "திமிரு புடிச்சவ" என்று சொல்வோமானால், கவசத்தைப் பிடுங்கிக்கொண்டு அவளைக் களத்தில் நிறுத்தியதாகத்தான் ஆகும். சிகிச்சை அவளுக்கு மட்டும் என்று நினைப்பதில் உள்ள அநியாயம் இதுதான்.

இதை வாசிக்கும் மாணவிகள் யாருக்காவது தன் கதைபோலத் தோன்றினால், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தாய்மார்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒன்று: தொந்தரவே தராத பிள்ளையிடமும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள்.

அடுத்த பருவத்தில் அவள் கல்லூரிக்குத் திரும்பினாள். முழுக்கக் குணமாகிவிட்டாள் என்று சொல்லமாட்டேன். மதியச் சாப்பாடு இன்னும் அவளுக்குப் பரீட்சைதான். ஒருநாள் துறை அறைக்கு வந்து மேசையோரமாக நின்றாள். கை நடுங்கியது. "அம்மா, அன்னைக்கி நீங்க என் நோட்டத் தூக்கிக் காட்டுனது எனக்குப் பிடிக்கலைங்க. அதுக்கப்புறம் ஒரு தப்பும் பண்ண முடியாமப் போச்சுங்க."

சுருக்கென்றது. பாராட்டத்தானே செய்தேன் என்ற விளக்கம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என்னிடம் ஒரு மாணவி முகத்துக்கு நேராக இப்படிச் சொன்னதில்லை. அவளுமே யாரிடமும் சொன்னதில்லை. "உக்காரு கண்ணு, இன்னும் சொல்லு" என்றேன். அவள் உட்கார்ந்தாள்.