அப்பாவின் கதை, அடுத்த வாரம் தொடரும்

ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' 1980 இல் 'ரோ' சஞ்சிகையில் தொடராகத்தான் தொடங்கியது. ஆஷ்விட்ஸிலிருந்து உயிர் தப்பிய தன் தகப்பன் விளாடெக்கிடம் கேட்டுக் கேட்டு அவர் வரைந்த சித்திரக்கதை அது. முதல் அத்தியாயத்திலேயே ஒரு சங்கடம். கலியாணத்துக்கு முன் ஒரு பெண்ணோடு இருந்த பழக்கத்தைச் சொன்ன விளாடெக், இது யுத்தத்தோடு சம்பந்தப்பட்டதல்ல, இதைப் போடாதே என்கிறார். போடமாட்டேன் என்று மகன் வாக்குக் கொடுக்கிறார். அந்தப் பெண்ணும் அந்த வாக்கும் இரண்டுமே புத்தகத்தில் இருக்கின்றன. விளாடெக் 1982 இல் இறந்துபோனார். முதல் தொகுதி 1986 இல் வந்தது.

வாக்கை மீறியதை மறைக்காததற்காக அந்தப் புத்தகத்தில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மறைக்காததாலேயே மீறியது சரியாகிவிடுமா?

ஸ்தேனில் எங்கள் பிள்ளையொருத்தி தகப்பனின் கதையை வாரம் நான்கு கட்டங்களாக இன்ஸ்டகிராமில் வரைகிறாள். பிரெஞ்சில். பதிப்பகமும் இல்லை, காசும் இல்லை, நன்றாகவே வரைகிறாள். அப்பா ஓமென்றவர் என்கிறாள். எதற்கு ஓமென்றார்? புத்தகமென்றால் முழுப் பிரதியையும் காட்டிக் கேட்கலாம். தொடரில் ஒன்பதாம் அத்தியாயத்தில் என்ன வரும் என்று வரைகிறவளுக்கே தெரியாது.

எங்கள் தகப்பன்மார் பலரிடம் இரண்டு கதைகள் உண்டு. ஒன்று ஒப்ராவுக்குக் கொடுத்த 'கேஸ்', அநேகமாக இன்னொருவர் எழுதிக் கொடுத்தது. மற்றது வீட்டில் சொன்னது, அல்லது சொல்லாமலே விட்டது. மகள் வரையும்போது இரண்டும் அருகருகே வந்து நிற்கும். ஊரில் இன்னும் சகோதரங்கள் இருக்கிறார்கள். முகத்தை மாற்றி வரையலாம். கிணற்றடியையும் கோயில் மதிலையும் ஊரார் அடையாளம் காணமாட்டார்களா? லா சப்பலில் கறிவேப்பிலை வாங்கப் போன இடத்திலேயே ஒருவர் 'உங்கட கதை பார்த்தனான்' என்பார்.

வன்னியில் ஐ.நா.வுக்காக வேலை செய்த பெஞ்சமின் டிக்ஸ், ஓவியர் லின்ட்சே பொலக்கோடு சேர்ந்து 2019 இல் வெளியிட்ட 'வன்னி' இதற்கு ஒரு வழி கண்டது. பலரின் சாட்சியங்களைக் கற்பனைக் குடும்பங்களின் மேல் ஏற்றியது. பாதுகாப்பான வழிதான். ஆனால் பல அப்பாக்களைக் கலந்து செய்த ஒருவரையா ஒரு மகள் வரைய விரும்புவாள்?

நான் கணினித் துறையில் பிழைப்பவன். அழித்துவிட்டேன் என்ற சொல்லை எங்கள் தொழிலில் அவ்வளவாக நம்புவதில்லை. 2018 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிக்கச் சொல்லும் உரிமையைத் தருகிறது. யாரோ ஒருவரின் போனில் கிடக்கும் ஸ்கிரீன்ஷாட்டை அது எட்டாது.

அதற்காக வரையாதே என்று சொல்ல எனக்கு மனமில்லை. மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பத்து வயதில் பிரெபெக்தூர் கவுண்டரில் தகப்பனுக்காக மொழிபெயர்த்த பிள்ளைக்கு அந்தக் கதையில் பங்கில்லை என்று எப்படிச் சொல்வது? பங்கு உண்டு. ஆனால் பங்காளி ஒருவர் மட்டும் காணியை விற்க முடியாது. ஒவ்வொரு வாரமும் போடுமுன் கேட்கவேண்டும். வேண்டாமென்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடலாம், வாசகர் பொறுப்பார்கள்.

கேட்பதென்றால் போனை நீட்டிக் காட்டுவதல்ல. பலூனுக்குள் இருக்கும் பிரெஞ்சை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டவேண்டும். 'இல்லைப் பிள்ளை, அது அப்படியில்லை' என்று அவர் இடையில் மறிக்கக்கூடும். அன்றைக்கு அத்தியாயம் வராது.