உம்மாவின் பேரில் ஒரு கிணறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நான் ஆலிமல்லன். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே என் கல்வி. மற்றதெல்லாம் தராசும் கல்லாப்பெட்டியும் கற்றுக்கொடுத்தவை. ஆயினும் நம்மில் அநேகர் ஊரில் கிணறு வெட்டவும் குழாய் இறக்கவும் வருடந்தோறும் பணம் அனுப்புகிறோம். அந்த விஷயத்தில் நான் செய்த பிழையைச் சொன்னால் ஒருவருக்காவது பிரயோசனப்படும் என்று எண்ணியே இதை எழுதத் துணிந்தேன்.

தண்ணீர் தருமத்தின் சிறப்பு நாம் அறியாததன்று. ஸஃது இப்னு உபாதா (ரலி) அவர்கள் தம் தாயார் காலமானபோது, அவர்கள் பேரில் எந்தத் தருமம் சிறந்தது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். தண்ணீர் என்று பதில் வந்தது. ஸஃது (ரலி) அவர்களும் ஒரு கிணறு தோண்டித் தாயாரின் பேருக்கு ஆக்கினார்கள். தருமம் செய்தவர் மறைந்த பின்னும் நன்மை வந்துகொண்டே இருக்கும் ஸதக்கத்துல் ஜாரியா அது.

2014-ஆம் வருடம் என் உம்மா வபாத்தானபோது எனக்கும் இதே நினைவு வந்தது. எங்கள் ஊர் இராமநாதபுரம் ஜில்லாக் கடற்கரையோரம். உடனே பணம் அனுப்பினேன். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் இடம் குறித்தார். 180 அடிக்குக் குழாய் இறங்கியது. தண்ணீர் பீறிட்டு வரும் படத்தைக் கடையில் வைத்துப் பார்த்துக் கண்ணீர் விட்டேன். உம்மாவின் பேர் பொறித்த கல்லும் பதித்தார்கள். என் பேரேட்டில் அதைப் பெரிய வரவாக எழுதிக்கொண்டேன்.

2017-ஆம் வருடம் கோடையில் ஊருக்குப் போனேன். உம்மாவின் கல்லுக்கு முன்னே ஒரு குடமும் இல்லை. தண்ணீரை வாயில் வைத்தால் உப்புக் கரித்தது. ஊர்ப் பெண்கள் பழையபடியே மணல் மேட்டில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டுகொண்டிருந்தார்கள். குடிக்க உதவாத நீர் தென்னைக்காவது பாயட்டும் என்று மோட்டாரை இரவும் பகலும் ஓட விட்டிருந்தார்கள். அதனால் பக்கத்துத் தோட்டத்து மூதாட்டியின் கிணறும் கெட்டுப்போயிருந்தது. அந்த அம்மாள் கோபிக்கவில்லை. “தம்பி, ஒங்க உம்மா கடைசி வரைக்கும் எங்கெணத்துத் தண்ணியத்தான் குடிச்சாக. இப்ப அதுவும் உப்பாப் போச்சே” என்று மட்டும் சொன்னார்கள்.

சகோதரர்களே, அன்றைக்கு எனக்குத் தூக்கமில்லை. உம்மாவின் பேரால் நான் கொடுத்தது தண்ணீரா, அல்லது உம்மா குடித்த தண்ணீரைக் கெடுத்தேனா?

இது ஏன் நடந்தது என்பதைப் பிறகு விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டறிந்தேன். கடற்கரை மண்ணுக்குள் மழைநீர் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மிதக்கிறது. நல்ல நீர் கனம் குறைந்தது, கடல்நீர் கனம் கூடியது. நல்ல நீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல நீர் இருக்கும். மேலே 1 அடி குறைந்துவிட்டால், அடியிலிருக்கும் உப்பு நீர் நாளடைவில் ஏறக்குறைய 40 அடி மேலே ஏறிவிடும். ஆகவே அவ்விடங்களில் ஆழம் போனால் நல்ல நீர் என்பது தப்பெண்ணம். சிரட்டையால் மொண்ட பெண்களுக்குத் தெரிந்த உண்மை, பணம் அனுப்பிய எனக்குத் தெரியவில்லை.

திருமறையின் வாகிஆ சூராவில் அல்லாஹ் தஆலா, நாம் குடிக்கும் நீரை மேகத்திலிருந்து இறக்கியது யார் என்று கேட்டு, தான் நாடினால் அதை உப்புக் கரிக்கும்படி ஆக்கிவிட முடியும் என்றும் எச்சரிக்கிறான். அந்த ஆயத்தை எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். அதன் பொருள் என் நாக்கில் பட்டது அந்தக் கோடையில்தான்.

உஸ்மான் (ரலி) அவர்களின் சரித்திரத்தையும் அப்போதுதான் ஊன்றி யோசித்தேன். மதீனாவில் நல்ல தண்ணீருக்கு முஸ்லிம்கள் தவித்த காலத்தில், ரூமா என்னும் கிணற்று நீர் விலைக்கு விற்கப்பட்டு வந்தது. உஸ்மான் (ரலி) அவர்கள் புதிதாக ஒன்று தோண்டித் தம் பேரை வைக்கவில்லை. இனிப்பான நீர் எங்கே இருக்கிறதென்று ஊரார் அறிந்திருந்தார்களோ, அதையே விலைக்கு வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். இருக்கிற நல்ல நீரைக் காப்பதும் தண்ணீர் தருமமே என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

நம் ஊர்களின் ரூமா எது? ஊரணியும் கண்மாயும் அல்லவா! ஐப்பசி, கார்த்திகை மழையை நம் முன்னோர் அதில்தான் பிடித்து வைத்தார்கள். இன்று வரத்துக்கால் தூர்ந்து, கரையில் சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கிறது. அதைச் சீர்செய்ய ஒருவரும் முன்வருவதில்லை; காரணம், அதில் நம் பேரைப் பொறிக்க இடமில்லை!

ஆகவே இனிப் பணம் அனுப்புகிறவர்கள் சரக்குப் பார்த்து வாங்குவதுபோல் பார்த்து அனுப்புங்கள். மூட்டையைக் குத்திப் பாராமல் அரிசி வாங்குவோமா?

முதலாவது, ஊர்ப் பெண்களையும் வயதானவர்களையும் கேளுங்கள். கோடையிலும் இனிப்பாக இருக்கும் கிணறு எது, எத்தனை அடி என்பது அவர்களுக்குத் தெரியும். தேங்காய்க்கு உப்பும் இனிப்பும் தெரியாது. பூமிக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை உண்டு. உப்பு நீரில் மின்சாரம் எளிதில் பாயுமாதலால் அது ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது, தண்ணீரைச் சித்திரை, வைகாசியில் சோதியுங்கள். மழைக்குப் பின் எந்த நீரும் நல்ல நீராகவே தோன்றும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்குப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. லிட்டருக்குக் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி என்பது இந்தியத் தர அளவு.

மூன்றாவது, கூரை மழையைக் கணக்குப் போடுங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் வருடத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 74,000 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு வீணானாலும் 49,000 லிட்டர் மிஞ்சும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் வீதம் ஐந்து பேருக்கு வருடம் முழுவதும் 9,125 லிட்டர் போதும். அப்படியானால் 10,000 லிட்டர் தொட்டி ஒன்று அந்தக் குடும்பத்தின் தாகத்தைத் தீர்க்குமல்லவா? முதல் மழையை வெளியே விட்டு, பிறகு வருவதை வடிகட்டிப் பிடித்துக் கொசு நுழையாமல் மூட வேண்டும். குடிப்பதைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும்.

நான்காவது, ஊரணியைத் தூர் வாரும்போது பேராசையால் ஆழமாக வெட்டிவிடக் கூடாது. அடியிலுள்ள களிமண்ணை உடைத்தால் நீர் இறங்கிப் போகும், உப்பும் மேலேறும். கரைக்கு வேலி போட்டு, துணி துவைப்பதையும் மாடு இறங்குவதையும் தடுத்து, மாட்டுக்குத் தனித் தொட்டி கட்டுங்கள். தேங்கிய நீரை அசுத்தப்படுத்துவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை ஊராருக்கு நினைவூட்டுங்கள்.

ஐந்தாவது, மிளகாய்த் தோட்டத்துக்கும் தென்னைக்கும் குடிநீரின் அடிமடியில் கை வைக்காதீர்கள். நிலத்தில் ஒரு குட்டை வெட்டி மழையைத் தேக்கினால் சிறு விவசாயிக்கு அது பேருதவி. கிணற்றைச் சுற்றி ‘ஹரீம்’ என்று ஓர் எல்லையை நம் மார்க்கச் சட்ட நூல்கள் வகுத்திருக்கின்றன. அதன் விவரத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் எந்த மதத்தவராயினும் அண்டை வீட்டாரின் உரிமை உரிமையே.

என் மோட்டாரை அந்த வருடமே நிறுத்தி, குழாயையும் மூடிவிட்டேன். மழைகள் பல கண்ட பின் அந்த மூதாட்டியின் கிணறு ஓரளவு தெளிந்திருக்கிறது. பழைய இனிப்பு இன்னும் திரும்பவில்லை. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, அவர்கள் வீட்டுக்கு ஒரு மழைத்தொட்டி கட்டிக்கொடுத்தேன். மிச்சப் பணம் ஜமாஅத்தார் மூலம் ஊரணிக்குப் போயிற்று. உம்மாவின் பேர் பொறித்த கல்லை எடுத்துவிட்டேன். பேரை அறிய வேண்டியவன் அறிவான்.

நிய்யத்து நல்லதாக இருந்தால் மட்டும் போதும் என்று எண்ணியிருந்தேன். கேட்டறியாமல் செய்த தருமம் அடுத்தவர் குடத்தில் உப்பாக இறங்கும் என்பதைக் கண்டுகொண்டேன். நாம் விட்டுச் செல்லும் கிணற்றில் ஒரு குழந்தையும், ஒரு வழிப்போக்கனும், தாகித்த ஒரு வாயில்லாப் பிராணியும் வயிறாரக் குடிக்கும்படி அல்லாஹ் தஆலா அருள்புரிவானாக! தெரியாமல் செய்த பிழைகளை மன்னிப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.